திரும்பி வரும் பெட்டி யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிவி ஷாப்பிங் என்று சொன்னாலே கேட்பவர் முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு வந்துவிடுகிறது. நள்ளிரவில் கத்திக் கத்தி விற்ற தொப்பை குறைக்கும் பெல்ட்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது போல. "அதெல்லாம் எப்பவோ ஒழிஞ்சு போச்சு, இப்ப எல்லாமே போன்ல வந்தாச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் அந்தத் தொழிலில் சப்ளையராக இருந்தவன். சமையலறைச் சாமான்களை ஷாப்பிங் சேனல்களுக்குக் கொடுத்திருக்கிறேன், இப்போது போனில் நேரலையாகப் பேசி விற்கிறார்களே, அந்த போன் லைவ்களுக்கும் கொடுக்கிறேன். விற்கிற வித்தையில் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. சரக்கு விற்காமல் தங்கினாலோ, வாங்கியவர் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினாலோ அந்த நஷ்டத்தை யார் சுமப்பது என்பதுதான் தலைகீழாக மாறியிருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

இந்தத் தொழில் பிறந்ததே தேங்கிப்போன சரக்கில்தான். 1977இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து கிளியர்வாட்டரில் லோவெல் பாக்ஸன் என்பவர் ஒரு சின்ன வானொலி நிலையம் வைத்திருந்தார். விளம்பரம் கொடுத்த ஒருவரால் பாக்கியைக் கட்ட முடியவில்லை. காசுக்குப் பதிலாக 112 மின்சார டப்பா திறப்பான்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பாக்ஸன் அவற்றைத் தன் அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டாவிடம் கொடுத்து நிகழ்ச்சிக்கு நடுவிலேயே விற்கச் சொன்னார். அவ்வளவும் விற்றுப்போயின. சரி, இது நல்ல வழியாக இருக்கிறதே என்று தொடர்ந்தார்கள், 1982இல் ராய் ஸ்பியருடன் சேர்ந்து உள்ளூர் கேபிளில் ஒரு சேனல் வந்தது, 1985இல் அது ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற பெயரில் நாடு முழுக்கப் போனது. ஆரம்ப காலத்தில் அவர்கள் விற்றதில் பெரும்பகுதி வேறு யாரோ தலைமுழுகிய சரக்கு. மொத்தமாக அடிமாட்டு விலைக்கு வாங்கித் தங்கள் கிடங்கில் அடுக்கிக்கொண்டு விற்றார்கள். விற்காமல் போனால் நஷ்டம் அவர்களுக்கு, தயாரித்தவர் பணத்தை எப்பவோ வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

அப்போது கடை என்றால் தொலைபேசி இணைப்புதான். லைன் கிடைக்கவில்லை என்றால் கடைக் கதவு பூட்டியிருப்பதாக அர்த்தம். அதில் அவர்களுக்கு எவ்வளவு பதற்றம் இருந்தது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. எங்களுக்கு வரும் அழைப்புகள் உங்கள் கோளாறினால் வந்து சேரவில்லை என்று ஜிடிஇ என்ற தொலைபேசி நிறுவனத்தின் மேல் 1987இல் 150 கோடி டாலர் கேட்டு ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் வழக்குப் போட்டது. 1989இல் ஜூரி அதைத் தள்ளியதோடு நிற்கவில்லை, ஜிடிஇயின் பெயரைக் கெடுத்ததற்காக 10 கோடி டாலர் கொடு என்று வழக்குப் போட்டவர்களிடமே சொல்லிவிட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, அந்தக் கதைதான்.

1986இல் ஜோசப் சீகல் என்பவர் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் க்யூவிசி என்ற ஷாப்பிங் சேனலைத் தொடங்கியபோதுதான் தொழிலின் முகம் மாறியது. கூச்சல் குறைந்தது, கழிவுச் சரக்கு குறைந்தது. அவர்கள் முதலில் விற்ற பொருள் குளியலறையில் மாட்டிக்கொள்ளும் ஒரு ரேடியோ. தொகுப்பாளர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்து பேசுவார், பொருளைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். 1990இல் நகைச்சுவை நடிகை ஜோன் ரிவர்ஸ் தன் பெயரில் ஃபேஷன் நகைகளை அங்கே விற்க வந்தபோது, மார்க்கெட் போனவர்கள்தான் இந்தப் பக்கம் வருவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள்.

சப்ளையர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை ஜாய் மங்கானோவுடையது. கையை நனைக்காமல் பிழியக்கூடிய மாப் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். க்யூவிசி ஆயிரம் மாப்களை எடுத்து விற்றுப் பார்த்தது, விற்பனை சுமார்தான். 1992இல் அவரையே கேமரா முன்னால் நிறுத்தியதும் அரை மணி நேரத்துக்குள் 18,000 மாப்கள் போய்விட்டன. இதைத் தன்னம்பிக்கைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆயிரமும் எந்த ஏற்பாட்டில் போயின என்பதை யாரும் சொல்வதில்லை. விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு உனக்கே திரும்பி வரும் என்ற ஏற்பாடு. சேனல் வளர வளர இந்த ஏற்பாடு வளர்ந்தது. கழிவுச் சரக்கை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு விற்ற காலம் போய், சரக்கின் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிப்பாளர் பக்கம் சாய்ந்தது.

இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு சேனலில் பொருள் ஏறுவதற்கு முன்னால் சாம்பிளை அவர்களுடைய தரச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருக்கிற ஆள் நம் பொருளின் மேல் ஏதோ பழைய பகை இருப்பது போல நடந்துகொள்வார். பெட்டியை மூலை கீழே இருக்கும்படி போடுவார், பிறகு விளிம்பு, பிறகு தட்டையான பக்கம். கைப்பிடியை முறுக்குவார். டப்பா மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதை வரிவரியாகப் படித்து, "துருப்பிடிக்காதுன்னு போட்டிருக்கீங்களே, சோதனை அறிக்கை எங்கே?" என்பார். என் பொருள் ஒன்றைத் திருகாணி சரியாக உட்காரவில்லை என்பதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். திட்டிக்கொண்டே மாற்றினேன். பொருள் தேறிய பிறகு அதற்கு அவர்களே பொறுப்பு. வாங்கியவர் முப்பது நாளில் திருப்பி அனுப்பினால் கேள்வி கேட்காமல் பணம் கொடுப்பார்கள், அப்புறம்தான் என் கணக்கில் கழிப்பார்கள். வாங்கியவர் என் முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை, அவருக்குத் தெரிந்தது சேனலை மட்டும்தான். சண்டை எங்களுக்குள்.

அந்தக் கழித்தலில் எங்களுக்கு அடி விழுந்தது உண்மை. திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்தால் சிலதில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். கை வலிக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறது, படத்தில் பெரிதாகத் தெரிந்தது, இப்படி. திட்டுவதை விட வருத்தப்பட்டு எழுதியவர்கள்தான் அதிகம். அடுத்த தடவை மூடியைத் தளர்த்திச் செய்யச் சொன்னது அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான். இன்றைய லைவில் விற்கும் பொருளுக்கு நட்சத்திரம் வருகிறது, சீட்டு வருவதில்லை.

விற்கிற வித்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை ஏதோ புது ஜாலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷாப்பிங் சேனலில் தொகுப்பாளர் காதில் ஒரு சின்ன ஒலிக்கருவி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் முன்னால் ஒரு திரை, நிமிஷத்துக்கு எவ்வளவு விற்பனை என்று அதில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தொகுப்பாளர் மூடியைத் திறந்து மூடிக் காட்டும் நேரத்தில் கோடு ஏறினால் உடனே காதில் குரல் வரும், அதையே திரும்பச் செய் என்று. பார்ப்பவருக்கு அவர் ஏதோ ஞாபக மறதியில் மூன்றாவது தடவையாக மூடியைத் திறப்பது போல இருக்கும். கோடு இறங்கினால் பேச்சை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். என் பொருளுக்குக் கொடுத்த நேரம் இப்படிப் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம், எத்தனை விற்றது என்ற எண்ணிக்கை, சிவப்பு நிறம் மட்டும்தான் பாக்கி என்ற அவசரம், தவணை வசதி, எல்லாம் அப்போதே இருந்தது. பிரிட்டனில் விலை இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் எல்லோருக்கும் ஒரே குறைந்த விலை என்ற ஏல சேனல்கூட நடத்திப் பார்த்து 2014இல் மூடிவிட்டார்கள். இன்று போன் லைவில் நடக்கும் எதையாவது காட்டி இது புதுசு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். முதலில் சொன்ன தொப்பை பெல்ட் வகையறா வேறு சாதி. அமெரிக்காவில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை 1984இல் எடுத்துவிட்டார்கள். உடனே அரை மணி நேரத்தை மொத்தமாக விலைக்கு வாங்கி அதில் விளம்பரத்தையே நிகழ்ச்சியாக ஓட்டும் பழக்கம் பெருகியது. உலகம் பூராவும் டப்பிங் செய்து ஓடியதெல்லாம் அந்த வகைதான். அங்கே சேனலுக்குப் பொறுப்பு கிடையாது, நேரத்தை வாடகைக்கு விட்டதோடு சரி. திருப்பி அனுப்ப நினைத்தவர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அலைந்தார்கள். கெட்ட பெயர் அவர்களால் வந்தது, ஒழுங்காகக் கடை நடத்தியவர்களையும் சேர்த்து அடித்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைய போன் லைவ் ஒழுங்கான ஷாப்பிங் சேனலின் வாரிசு இல்லை, அந்த அரை மணி நேர வாடகைக்காரரின் வாரிசு.

சீனாவைப் பாருங்கள். 2016இல் அலிபாபா நிறுவனத்தின் ஷாப்பிங் தளத்தில் தாவோபாவ் லைவ் வந்தது. சில வருஷங்களில் லீ ஜியாச்சி, வெய்யா என்று லைவில் விற்கும் தனிமனிதர்களே ஒரு சேனலை விடப் பெரிய கடையானார்கள். 2020இல் வெய்யா லைவில் ராக்கெட் ஏவும் சேவையைக்கூட விற்றார், இது வேடிக்கைக்குச் சொல்வது இல்லை, நிஜமாகவே வாங்கினார்கள். சப்ளையரின் கோணத்தில் அங்கே என்ன ஆனது? பொருளைக் காட்டுவதற்கே ஒரு கட்டணம், விற்றால் அதற்கு மேல் கமிஷன், வேறு எங்கேயும் இதை விடக் குறைவாக விற்கமாட்டேன் என்ற உறுதி வேறு. 2021 நவம்பரில் லோரியல் என்ற பெரிய அழகுப்பொருள் நிறுவனம் தன் சொந்த லைவில் முகத்துக்குப் போடும் அழகு மாஸ்க்கை இன்னும் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டது என்று இந்த இருவரும் அந்த நிறுவனத்துடன் வேலை செய்வதையே நிறுத்தினார்கள். லோரியலுக்கே அந்தக் கதி என்றால் என்னைப் போன்ற சில்லறை ஆட்களின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே வரி ஏய்ப்புக்காக வெய்யாவுக்கு 134 கோடி யுவான் கட்டச் சொல்லி உத்தரவு வந்து, அவருடைய கணக்குகள் திரையிலிருந்தே மறைந்தன. ஒரே ஆளை நம்பிச் சரக்கு செய்து வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை.

வாங்குகிறவர் கோணத்தில் இதை விட மோசம். 2020இல் சின்பா என்ற பெயரில் அறியப்பட்ட லைவ் விற்பனையாளர் பறவைக்கூடு பானம் (உண்ணக்கூடிய பறவைக் கூட்டில் செய்யும் விலை உயர்ந்த சத்துப் பானம்) என்று சொல்லி விற்றது வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரிதான் என்று தெரியவந்தது. முதலில் மழுப்பினார், நாங்கள் பிரசாரம் செய்ய மட்டும்தான் ஒப்பந்தம், பொருள் அந்த பிராண்டுடையது என்ற வாதமும் வந்தது. கடைசியில் மூன்று மடங்கு பணம் தருகிறேன் என்று இறங்கி வந்தார், தளமும் அவர் கணக்கை 60 நாள் முடக்கியது. 2024 செப்டம்பரில் ஹாங்காங் மூன்கேக் என்று லைவில் விற்ற பண்டிகைப் பலகாரம் ஹாங்காங் கடைகளிலேயே கிடைக்காது என்று தெரிந்து, அதை விற்ற த்ரீ ஷீப் என்ற நிறுவனத்துக்கு ஏறக்குறைய 6.9 கோடி யுவான் அபராதம் போட்டார்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் என்பதால்தான் மாட்டினார்கள். தினமும் இரவு சில நூறு பேருக்கு முன்னால் விற்றுவிட்டு மறுநாள் பெயரை மாற்றிக்கொள்கிற ஆள் மேல் யார் வழக்குப் போடுவது? விற்றவர் நான் விற்கவில்லை, அறிமுகம்தான் செய்தேன் என்பார். தளம் நாங்கள் மேடை மட்டும்தான் என்று சொல்லும். கூரியர்காரர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

பழைய சேனல்கள் என்ன யோக்கியமா என்று கேட்பீர்கள். முழு யோக்கியம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்கு ஒரு கட்டடம் இருந்தது, கிடங்கு இருந்தது, திரும்பி வருவதைப் பிரித்துப் பார்க்க ஆள் இருந்தார். 2021 டிசம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் க்யூவிசியின் இரண்டாவது பெரிய கிடங்கு எரிந்துபோனது, அங்கே வேலை பார்த்த ஒருவர் உயிரும் போனது. திரும்பி வரும் சாமான்களைக் கையாண்ட முக்கிய இடமும் அதுதான். அதிலிருந்து அவர்கள் சரியாக எழவே இல்லை. 2017இல் தன் பழைய போட்டியாளரான ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்கையே 210 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது க்யூவிசி குழுமம். 2020இல் 1,400 கோடி டாலரைத் தாண்டிய அதன் விற்பனை 2024இல் ஏறக்குறைய 1,000 கோடிக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் ஐடியல் வேர்ல்ட் என்ற ஷாப்பிங் சேனல் 2023இல் திவாலாகி நின்றது. கேபிள் இணைப்பை வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் வெட்டும்போது இவர்களுடைய கடையின் ஒரு கதவும் மூடுகிறது. தென்கொரியாவில் கதை இன்னும் விசித்திரம். அங்கே 1995இல் தொடங்கிய ஹோம் ஷாப்பிங் நிறுவனங்கள் நல்ல எண் உள்ள சேனல் இடத்துக்காக கேபிள் போன்ற கட்டண டிவி நிறுவனங்களுக்குக் கட்டும் கட்டணம், ஒளிபரப்பில் வரும் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டது. வாடகை கட்டவே கடை நடத்துவது என்று சொல்வார்களே, அதுதான். அந்தச் செலவையும் யார் மேல் ஏற்றுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. வீட்டில் சும்மா இருக்கும் பெண்களை ஏமாற்றிப் பறிக்கும் தொழில் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. நான் பார்த்த வாடிக்கையாளர்கள் அப்படி ஏமாளிகள் கிடையாது. பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள், தங்கள் காசைத் தாங்களே செலவு செய்கிறவர்கள், எந்த நாள் எந்தப் பொருள் வரும் என்று தெரிந்து காத்திருந்து வாங்குகிறவர்கள். நிகழ்ச்சிக்கு நடுவே போனில் பேசவும் விடுவார்கள். ஒரு அம்மா என் பொருளைப் பற்றி ஒரு நிமிஷம் பேசிவிட்டு, தொகுப்பாளரின் முழங்கால் ஆபரேஷன் என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், என் நேரம் போகிறதே என்று. தயாரிப்பாளர் சிரித்தார், திரையில் அந்தக் கோட்டைப் பாருங்க என்றார். விற்பனைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலின் பெரும்பகுதி வருமானம் ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி மறுபடி வாங்குவதால்தான் வருகிறது, அவர்கள் மறுபடி வருவதற்குக் காரணம் திருப்பி அனுப்பினால் சண்டை போடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. சிலர் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்ததும் உண்டு. பிரிக்கப்படாமலே திரும்பி வந்த பெட்டிகளும் நிறைய. துணை இல்லாமல் இரவில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கடிகாரத்தை ஓடவிட்டு விற்பது முழுக்கச் சுத்தமான காரியம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களால் திருப்பி அனுப்ப முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பெண்களை யாரும் சீண்டுவதில்லை. விளம்பர உலகமே முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் துரத்துகிறது. க்யூவிசி 2024இல் ஐம்பது தாண்டிய பெண்கள்தான் எங்கள் ஆட்கள் என்று வெளிப்படையாகவே ஒரு பிரசாரம் தொடங்கியது, அந்த மட்டில் அவர்களுக்குப் புத்தி இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் அதே நிறுவனம் 2025 ஏப்ரலில் அமெரிக்க டிக்டாக்கில் 24 மணி நேர லைவும் தொடங்கியது. யாரிடம் தோற்றோமோ அவர்கள் திண்ணையிலேயே பாய் விரித்தாகிவிட்டது. தப்பில்லை, பிழைக்க வேண்டுமே. நானும் அதைத்தானே செய்கிறேன்.

என் இன்றைய நிலைமை இதுதான். லைவில் விற்கிறவருக்கு இலவசமாகச் சாம்பிள் கொடுக்கிறேன், கமிஷன் கொடுக்கிறேன், தளத்துக்குக் கட்டணம் கொடுக்கிறேன், போகும் கூரியர் செலவும் என்னுடையது, திரும்பி வரும் கூரியர் செலவும் என்னுடையது. விற்கிறவர் என் பொருளைக் கையில் எடுத்து இல்லாத குணத்தையெல்லாம் சொல்கிறார். அதை நம்பி வாங்கியவர் கோபமாகத் திருப்பி அனுப்புகிறார். விற்றவர் கமிஷன் மட்டும் திரும்பி வருவதில்லை. திருகாணியைப் பார்க்க யாரும் இல்லை, நான் விரும்பினால் மட்டமான திருகாணி போட்டு இன்னும் மலிவாகக் கொடுக்கலாம், என் போட்டியாளர்கள் கொடுக்கிறார்கள். ஒழுங்காகச் செய்கிறவனுக்குத்தான் செலவு அதிகம்.

உங்கள் பத்திரிகை நுகர்வோர் பக்கத்தில் ஆன்லைன் மோசடி என்று அடிக்கடி எழுதுகிறது. அதோடு இதையும் எழுதுங்கள். லைவில் ஒரு பொருளை விற்கும்போது விலைக்குப் பக்கத்திலேயே, உண்மையில் விற்பவர் யார், திருப்பி அனுப்பினால் எந்த முகவரிக்குப் போகும், பணத்தை எத்தனை நாளில் யார் தருவார் என்று திரையில் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். ஓடுகிற கடிகாரத்துக்கு இடம் இருக்கும் திரையில் இதற்கும் இடம் இருக்கும். பேசி விற்றவர் சொன்னது பொய் என்று தெரிந்தால் அவர் வாங்கிய கமிஷனும் திரும்ப வரவேண்டும். இவ்வளவும் நடந்தால் எங்களைப் போன்ற சப்ளையர்களுக்கு வேலை கூடும், சோதனைச் செலவும் கூடும், விலையும் கொஞ்சம் ஏறும். எனக்குச் சம்மதம். தளங்கள் ஒத்துக்கொள்ளுமா என்பதை அவர்களிடம் கேட்டு நீங்கள்தான் பிரசுரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஷாப்பிங் சேனல் சப்ளையர்